அடிக்க வருவானா அண்ணன்

ஜூலை 16
எங்கள் ஊர் மக்குண்டுச்சியில் எல்லோரும் புதுத்துணி எடுத்தாயிற்று. எனக்கு மனசில்லை. ஊர்ப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. அன்றைக்கு வடக்குத்தெரு ஆண்களும் தெற்குத்தெரு ஆண்களும் வாழைமட்டையால் அடித்துக்கொள்வார்கள். அதோடு வருடத்துப் பகையெல்லாம் தீர்ந்தது. களத்துக்கு வராதவன் பகை மட்டும் தீராது.

அண்ணன் மக்கமே வடக்குத்தெரு, என் வீட்டுக்காரர் தெற்குத்தெரு. அண்ணன் வருவானா?

ஜூலை 18
உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. என் வீட்டுக்காரர் சிமாய், அண்ணன் படகைக் கேட்காமல் எடுத்தார், பாறையில் மோதினார். அதுகூடப் போகட்டும். "மச்சான் செஞ்சது உளுத்த படகு" என்று கடற்கரையில் நின்று சொல்வாரா? அந்த வாய்க்குப் பூட்டே கிடையாது. அன்றிலிருந்து அண்ணன் என் வாசல் மிதிக்கவில்லை. மகள் பிறந்தாள், அதற்கும் வரவில்லை.

ஜூலை 20
சந்தையில் அண்ணியைப் பார்த்தேன். "அவரு டவுன்ல வேலைன்னு போயிட்டாரு. திருவிழாவுக்கு வரலையாம்."
"நீங்க சொல்லக்கூடாதா அண்ணி?"
"சொன்னா கேக்குற ஆளா? உன் அண்ணன்தானே."
மீன் வாங்க மறந்து திரும்பினேன்.

ஜூலை 22
சிமாய் மட்டை கொண்டுவந்தார். வாடிப்போன மட்டை.
"இதால அடிச்சா ஈ கூடச் சாகாது."
"மச்சானுக்கு வலிக்க வேணாமேன்னுதான்..."
"மெல்ல அடிச்சா, இவன் இன்னும் மனசுல வச்சிருக்கான்னுதான் நினைப்பான். பச்சையா வெட்டிட்டு வாங்க."
முணுமுணுத்துக்கொண்டே போனார். கட்டின புருஷன் அடி வாங்கணும்னு வேண்டிக்கிற பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்திதான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஜூலை 23
களத்தைச் சுற்றி நின்று, வழக்கம்போலப் பெண்கள் ஆண்களைக் கேலி செய்து பாடினார்கள். நான் பாட்டில் சேரவில்லை. வடக்குத்தெருக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன் — இல்லை. சிமாய் யாரையும் அடிக்காமல் மட்டையைப் பிடித்தபடி நின்றார், பாவம். எல்லாம் ஓயப்போகிற நேரத்தில் டவுனிலிருந்து வரும் பஸ் வந்து நின்றது. பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவன் மட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தான் அண்ணன்.

"எவன்டா என் படகை உளுத்ததுன்னவன்?"

முதுகில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. சிமாயும் விடவில்லை. நான் அழுதுகொண்டே பாடினேன்.

ஜூலை 24
சிமாய் குப்புறப் படுத்துக்கொண்டு, "உன் அண்ணனுக்குக் கையா அது, துடுப்பா?" என்கிறார். அண்ணனுக்குக் காது வீங்கியிருக்கிறது. என் வீட்டுக்கு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். தேங்காய்ப்பால் விட்டு, எட்டுக்கால் பேய்க்கணவாய்க் குழம்பு வைத்திருந்தேன்.

ஒரு வாய் வைத்ததும், "உப்பு கம்மிடி" என்றான்.

உப்பு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.