மூன்று மணி நேரச் சொட்டு

ஆகஸ்ட் 11
அப்பா இன்றும் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. கான்ஸ்டான்சா துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, வேலை தேடுவது எப்படி என்று ஒருவன் பலகையில் எழுதிக் காட்டுகிறானாம். நானாக இருந்தாலும் போகமாட்டேன்.

நாள் முழுக்கக் கூடத்தில், கடல்மீன் தொட்டிக்கு முன்னால்தான். ஜோடியில் ஆண் கோமாளி மீன் செத்துப்போனதிலிருந்து பெண் மீன் மூலையைவிட்டு வருவதில்லை. அவரும்தான்.

இணையத்தில் அதற்கு ஒரு துணை வாங்கியிருக்கிறேன். 14ஆம் தேதி அனுப்புவார்கள்.

ஆகஸ்ட் 15
மரியாள் திருநாள். அரசு விடுமுறை, கூரியர் கிடையாது. பெட்டிக்குள் உயிர் இருக்கிறது என்று போனில் கத்தினேன். "கிடங்கையே பூட்டியாச்சு, எல்லாப் பெட்டிக்கும் ஒரே பூட்டுதாம்மா," என்றாள் கூரியர் கம்பெனிப் பெண். வெளியே அனல்.

ஆகஸ்ட் 16
வந்துவிட்டது. உயிரோடு. அப்பா சவரம் செய்துகொண்டார் – எத்தனை நாளுக்குப் பிறகு! பையைத் திறந்து மீனையும் நீரையும் வாளியில் ஊற்றி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"அவசரப்படாத இலின்கா. புது எடம். பழகணும்ல."

மீன் மூச்சு வாங்கியது. சொட்டை இன்னும் மெதுவாக்கினார். மூன்று மணி நேரம், தரையில் மண்டியிட்டபடி.

செத்துவிட்டது.

ஆகஸ்ட் 17
"நான் கை வச்சு எது உருப்பட்டிருக்கு. இருக்கற மீனையும் யாருக்காச்சும் குடுத்துரு," என்றார் அப்பா.

ஆகஸ்ட் 19
நடந்ததைச் சொன்னதும் வளர்ப்பு மீன் கடை சவேதா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு நாள் பையில கெடந்ததுக்கா சொட்டு போட்டீங்க? அந்தத் தண்ணி பூரா அதோட கழிவுடி. பை மூடியிருக்கற வரைக்கும் சும்மா கெடக்கும். தொறந்து காத்து பட்டா விஷம். விஷத்துல மூணு மணி நேரம் ஒக்கார வச்சிருக்கார் ஒங்கப்பா, பாசமா."

செய்ய வேண்டியது வேறாம். அனுப்புகிறவனிடமே உப்பின் அளவைக் கேட்டு, தனித் தொட்டியில் அதே அளவில் நீர் கலந்து வைக்க வேண்டும். பையை மூடியபடியே மிதக்கவிட்டு, சூடு ஒத்துவந்ததும் திறந்து, மீனை மட்டும் உடனே மாற்ற வேண்டும்.

"எந்த மடையன் திருநாளுக்கு மொத நாள் அனுப்புனான்?"

தேதியைத் தேர்ந்தெடுத்தது நான்.

ஆகஸ்ட் 20
கூரியரை, கம்பெனியை, அரசாங்கத்தை – எல்லோரையும் திட்டித் தீர்த்தாயிற்று. அந்தப் பக்கம் அப்பா தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறார். எப்படிச் சும்மா இருப்பது?

சவேதா அக்கா சொன்னதைச் சொன்னேன். பிறகு, "தேதியப் போட்டது நாந்தான்ப்பா. திருநாள் ஞாபகமே வரல."

"கோயில் வாசல மிதிச்சாத்தான ஞாபகம் வரும்," என்றார். சிரித்தாரா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 30
இன்னொரு மீன் கேட்டு, அந்த இணையக் கடைக்காரனுக்கு அவரே போன் போட்டார். "உப்பு எவ்வளவு? என்னைக்கு அனுப்புவ? அன்னைக்குத் திருநாள் எதுவும் இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லுப்பா."

செப்டம்பர் 4
புது மீன் வந்தது. மிதக்கவிட்ட பையைத் திறந்து, வலையில் எடுத்து, தனித் தொட்டியில் விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 6
கால் சென்டரில் வேலை நேரத்தில் அப்பாவின் போன். இணைப்பில் இருந்த யாரோ ஒரு வாடிக்கையாளரைக் காத்திருப்பில் போட்டேன். மேலாளர் சம்பளத்தில் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும்.

"தின்னுடுச்சு. ரெண்டு துணுக்கு."

"நெஜமாவா?"

"பின்ன? சரி, வைக்கறேன். வெளிய கெளம்பணும். ஒம் பேனா ஒன்ன எடுத்துக்கறேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை.