இடது பக்கம் ஆலா

டிசம்பர் 9

அன்புள்ள கேப்டனுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம். சளி விட்டதா?

இந்தக் குளிர்காலத்தில் ஆலாப் பறவைகள் சீக்கிரமே வந்துவிட்டன. நேற்று சுற்றுலாப் படகில் பறவை காட்டும்போது, "இடது பக்கம் ஆலா!" என்று கத்தினேன். மேல்தளத்தில் இருந்த அறுபது பேரும் கேமராவோடு இடது பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. நிமிர நேரமாயிற்று. ஒரு பெரியவர், "ஊஞ்சலுக்குத் தனி டிக்கெட்டாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கைப்பிடிக் கம்பியை விடாமல்.

உங்கள்
பறவைக்காரி


டிசம்பர் 13

பறவைக்காரிக்கு,

சளி அப்படியே இருக்கிறது.

முதலாளி மேல்தளத்தில் பெஞ்சு போட்ட அன்றே சொன்னேன், மேல்பாரம் ஏறிய படகை ஓட்டமாட்டேன் என்று. "வேலையை விட்டுட்டு என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டாய். அதை விடு. துறைமுக அலுவலகத்துக்கு மூன்று மனு போட்டேன், பதில் இல்லை. நீயாவது இறங்கிவிடு. முடியாதென்றால், பறவை எந்தப் பக்கம் என்று சொல்லாதே.

கேப்டன்


டிசம்பர் 20, வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

சொல்லவில்லை. தொலைநோக்கியில் மட்டும் தெரிந்தது ஓர் ஆலாக் கூட்டம், வெறுங்கண்ணுக்குப் புகை. நான் வெறும் கடலைப் பார்த்தபடி நின்றேன்.

கரையில் முதலாளி பிடித்துக்கொண்டார்; தொலைநோக்கி வைத்திருந்த பயணி ஒருவர் சொல்லியிருக்கிறார். "பறவையக் காட்டத்தான் சம்பளம். பாத்துட்டு வாய மூடிக்கிட்டு வர்றதுக்கா?" காரணத்தைச் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் பாட்டையே நீங்களும் பாடுறீங்க" என்றார். ஞாயிறு முதல் வேறு ஆள். ஒலிபெருக்கியோடு வருகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமைப் படகுக்கு டிக்கெட் வரிசையில் நின்றவர்களிடம், ஏறாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வேலை போன கோபம் என்கிறார்கள். எண்பது பேர். எண்பத்தொன்றாவது டிக்கெட்டை நான் வாங்கிவிட்டேன். எல்லோரும் ஓடும்போது நாலு பேரையாவது மறுபக்கம் பிடித்து நிறுத்தலாம்.

அன்று நீங்கள் இறங்கியது சரிதான். இதை எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

உங்கள்
பறவைக்காரி


டிசம்பர் 23, திங்கள்

என் பறவைக்காரிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது, ஞாயிறு போன பிறகு. உன் போன் அணைந்திருக்கிறது. படகு அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

நாலு பேர் மறுபக்கம் நின்று அந்தப் படகு நிமிராது, பைத்தியமே. இருபது வருஷம் ஓட்டியவன் சொல்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். என்னிடம் சாவி இருக்கிறது. ஆனாலும் கதவைத் தட்டுவேன். நீயே வந்து திற.