ஏழாம் பாத்தியின் தேதி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம், ஏழாம் பாத்தி முட்டைக்கோஸுக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை, அதை முதலில் எழுது என்கிறாள் அம்மா. அவள் நாற்றுத் தட்டுகளில் மண் நிரப்பிக்கொண்டே சொல்கிறாள், நான் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவள் சொன்னதும் நான் பார்த்ததும் கலந்துதான் வரும். உன் சளி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை களை எடுக்கும்போது பார்த்தேன், ஏழாம் பாத்தியில் ஒரு கோஸ்கூட உருண்டு மூடவில்லை, உள் இலைகள் விரித்த கை மாதிரி இருந்தன. ஆனால் நீ அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்த விவசாயச் செயலி, அம்மா அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறாள், வியாழக்கிழமை அறுவடை என்று பச்சை காட்டியது. அதை நம்பி விடுதிச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு இருநூறு கோஸ் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். வாராவாரம் நம்மிடம் வாங்குகிற பெரிய இடம் அது ஒன்றுதான், சொன்ன நாளில் காய் போகாவிட்டால் வேறு தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார்கள். மேஸ்திரியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, எந்தப் பாத்தியில் எது, எப்போது விதை, எப்போது நடவு என்று அது சொல்ல ஆரம்பித்ததிலிருந்து ஒரு பாத்தியும் சும்மா கிடந்ததில்லை, எல்லாக் காயும் ஒரேயடியாக வந்து அழுகியதும் இல்லை.

அதிலேயே பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன் அக்கா. நடவு முடிந்தது என்று குறித்திருந்த நாளில் மழை அறுபது மில்லிமீட்டர், அம்மா தன் கையால் அளந்து அதில் போட்ட கணக்கு. அந்த மழையில் யார் நாற்று நட்டிருக்க முடியும், ஒன்பது நாள் கழித்துத்தான் நட்டோம் என்று அம்மாவுக்கும் நினைவு வந்தது. அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீ கண்டுபிடிச்சத நீயே சொல்லுடி, உங்க அப்பா என்ன புலியா" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். நான் போனில் மழைப் பக்கத்தைத் திறந்து அவர் முன் நீட்டினேன். பார்த்துவிட்டு, "வேலை பாக்கின்னு அது சிவப்பு சிவப்பா முறைச்சா எனக்கு டீ இறங்க மாட்டேங்குது, அதான் காலையிலயே எல்லா வேலையும் முடிஞ்சதா தட்டிவிட்டுடறேன், எப்படியும் செய்யத்தானே போறோம்" என்றார். சம்பளம் வாங்காத மேஸ்திரிக்கே இத்தனை பயமா என்று அம்மா சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மழை, பூச்சி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எங்கள் முன்னாலேயே விடுதிக்குப் போன் போட்டு, "தப்பு என்னோடது, நடறதுக்கு முன்னாடியே நட்டதா குறிச்சுட்டேன்" என்றார். "அப்ப வியாழக்கிழமை உங்களையே நறுக்கிப் போடவா" என்று அந்த அம்மாள் கத்தியது எனக்கே கேட்டது. கடைசியில் வியாழக்கிழமைக்குப் பீட்ரூட் அனுப்புங்கள், கோஸில் பாதியை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன், மீதி நூறும் எந்த நாளில் வரும் என்று திங்கட்கிழமை சொல்லுங்கள், அதுவும் தவறினால் இனி வேண்டாம் என்றார்களாம். பாத்தியைப் பார்த்தவர்தான் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அது நான். வீட்டுக்கு யாராவது வந்தால் உள் அறைக்கு ஓடுகிறவள் என்பது உனக்குத் தெரியும். இன்று திங்கட்கிழமை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசி சொல்கிறார்கள். கண் விழித்து வேலை பார்க்காதே, மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
அம்மா
(எழுதியவள் உன் தங்கை)

பின்குறிப்பு: நட்ட தேதியைத் திருத்தியதும் மேஸ்திரி சனிக்கிழமை அறுவடை என்கிறது. போய்ப் பத்துக் கோஸை அழுத்திப் பார்த்தேன், மூன்று இன்னும் மெத்தென்று இருந்தன. நானே விடுதிக்குப் போன் செய்து, அடுத்த திங்கட்கிழமை தருகிறோம் என்று சொன்னேன்.