மூன்றாம் வரிக்குப் பிறகு

ஏதென்ஸ்,
20 பிப்ரவரி 1989

அன்புத் தங்கை ஸ்மரக்தாவுக்கு,

நான் நலம். நீயும் உன் அம்மா எவாந்தியா சித்தியும் உன் ஆடுகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாமென்றால் ஊருக்கே ஒரு போன், அதுவும் காபிக்கடையில். நான் ஒன்று சொன்னால் கடைக்காரர் அதை மூன்றாக்கி எல்லோருக்கும் பரிமாறிவிடுவார். அதனால்தான் கடிதம்.

என் நடனக் குழுவை, "வெறுங்காலோட தரையில புரளுற கூட்டம்" என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயாமே. கேள்விப்பட்டேன். இந்த முறை யாரும் புரளவில்லையடி. கைகோத்து நின்று, வாத்தியம் எதுவும் இல்லாமல், தங்கள் குரலில் தாங்களே பாடிக்கொண்டு ஆடுகிறார்கள். ஆடிக்கொண்டே பாடினால் மூச்சை எங்கே வாங்குவது என்று முதலில் திண்டாடினார்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவள் பாட்டைத் தாங்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகிவிட்டது.

எந்தப் பாட்டு என்று ஊகித்திருப்பாய். ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாயில் நம்மூர்ப் பெண்கள் சதுக்கத்தில் ஆடும் பாட்டுத்தான். முன்வரிசை ஒரு வரி பாடும், பின்வரிசை அதே வரியைத் திருப்பிப் பாடும், அதன் பிறகுதான் அடுத்த வரி. நாற்பத்துநான்கில் என் அம்மா அந்தூலா முன்னால் நின்று மூன்றாம் வரியைப் பாடி முடித்தபோது ஜெர்மன் லாரிகள் வந்தன. பின்வரிசை பதில் பாடவில்லை. அம்மா வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து நீங்கள் வருஷம் தவறாமல் அந்த வரியிலேயே நிறுத்தி, கைகளை விட்டுவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பேசாமல் கலைந்து போகிறீர்கள்.

இந்த ஈஸ்டருக்கு என் குழுப் பிள்ளைகளை அழைத்து வருகிறேன். நீங்கள் நிறுத்தும் இடத்தில் அவர்கள் பதில் பாடட்டும். இப்போது பாட்டை நடத்துகிறவள் நீதான். நீ தலையாட்டினால் ஊரே தலையாட்டும்.

உன் அக்கா,
கலிரோயி

*

பெத்ரோவ்ரிசி,
6 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடுகள் நலம். உன்னை விசாரித்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது.

கடிதத்தோடு நீ அனுப்பிய உன் குழுவின் போட்டோவைப் பார்த்தேன். எல்லோரும் கறுப்புத் துணி. கிறிஸ்து உயிர்த்த வாரத்தில் இங்கே விதவைகள்கூடக் கறுப்பைக் களைகிறார்கள், அக்கா. இதைக்கூட மறந்துவிட்டாயா, இல்லை ஏதென்ஸில் துக்கம்தான் நன்றாக விற்கிறதா? தண்ணீர்க் குழாயடியில் போட்டோவைக் காட்டினேன். "பாவம், இவளுக எல்லாருக்கும் ஒரே வீட்டுலயா சாவு?" என்று கேட்டார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

சிரிப்பை விடு. அந்த இடத்தில் நிறுத்துவதுதான் எங்கள் நினைவு. அந்த வாரத்தில் ஊர் முழுவதும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு கணம் மட்டும் நாய்கூடக் குரைக்காது. பெரியம்மாவுக்கு நாங்கள் கொடுப்பது அதுதான். அதை இரவல் குரல்களால் நிரப்ப வருகிறாயா? அவள் உனக்கு அம்மா என்றால் ஊருக்கும் ஏதோ ஒன்றுதான். கோபப்படு, பரவாயில்லை.

தனியாக வா. ஆட்டுக்குட்டி சுடுகிறோம்.

ஸ்மரக்தா

*

ஏதென்ஸ்,
27 மார்ச்

ஸ்மரக்தாவுக்கு,

கோபம் வந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ அவளைப் பார்த்ததில்லை. அந்த வருஷம் நீ பிறக்கவே இல்லை. எனக்கு ஐந்து வயது. கிணற்றுச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தேன். "ஆறே, கொஞ்சம் ஒதுங்கிப் போ, அக்கரையில் என் வீடு" என்று பாடிவிட்டு அம்மா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது. நீங்கள் மௌனம் என்கிறீர்கள். அவளோ இன்னும் அங்கேயே நின்று காத்துக்கொண்டிருக்கிறாளடி! யாருமே அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இது உனக்கு உறைக்கவில்லையா?

சரி, ஊருக்கு வரவில்லை. மே பதினாலாம் தேதி ஞாயிறு மாலை இங்கேயே, துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய சோப்புத் தொழிற்சாலையில் ஆடுகிறோம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் பதில் பாடும்போது சரியாக இல்லை. சுருதி சுத்தம், குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை. அதைத் தூக்கிவிட்டேன். நாங்களும் மூன்றாம் வரியிலேயே நிறுத்துகிறோம். பதில் வந்தாலும் அதற்கு மேல் எனக்கென்ன தெரியும்? நாலாம் வரி எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் அன்றிலிருந்து அதைப் பாடியதும் இல்லை, சொல்லித் தந்ததும் இல்லை.

ஆட்டுக்குட்டியை நீங்களே சாப்பிடுங்கள்.

கலிரோயி

*

பெத்ரோவ்ரிசி,
4 மே

கிறிஸ்து உயிர்த்தார், அக்கா!

நீ மெய்யாகவே உயிர்த்தார் என்று சொல்லிக்கொள். ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டை ஆறு அனுப்புகிறேன். உடைந்து வந்தால் தபால்காரரைத் திட்டு.

உன் கடிதத்தை நோன்பு ரொட்டி பிசையும் இடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன்னிடம் கேட்கவில்லை; கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பாய். கிணற்றுச் சுவர் வந்த இடத்தில் மாவு பிசைந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. அம்மா மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள். "எவாந்தியா, நீ அன்னிக்கு எங்க நின்ன?" என்று யாரோ கேட்டார்கள். "பின்வரிசைக் கடைசியில. வால்ல. பாடுறதுக்கு மூச்சு இழுத்து வச்சிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் என்னிடம் இதை அவள் சொன்னதே இல்லை.

செவ்வாயன்று வழக்கம்போல் மூன்றாம் வரியில் நிறுத்தினேன். எல்லோரும் கையை விட்டார்கள். அம்மா விடவில்லை. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பாதிரியார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அம்மா மறுபடி முயன்றாள். வரவில்லை. அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

உன் மேல் கோபமாக இருக்கிறேன். ஆனால் நீ சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் கோபம்.

பதினாலாம் தேதி எங்களை எதிர்பார்க்காதே. ஆடுகள் நிறையப் பால் தரும் காலம்.

ஸ்மரக்தா

*

ஏதென்ஸ்,
15 மே

என் கண்ணே ஸ்மரக்தா,

மெய்யாகவே உயிர்த்தார்!

ஊர்ப் பெண்கள் எல்லோரும் பஸ் பிடித்து வந்தீர்கள், ஒரு கலக்குக் கலக்கினீர்கள், பால் கறக்க வேண்டுமென்று ஓடிவிட்டீர்கள். என்னைப் பேச விட்டீர்களா? பஸ் டிரைவர் அடித்த ஹாரனில் என் நன்றியெல்லாம் காற்றோடு போயிற்று. இப்போது கேள். நீ கடைசி வரிசையில் சித்திக்குப் பின்னால் நின்றாய். எதிரே நின்ற நான் பார்த்ததை நீ பார்த்திருக்க முடியாது.

நீங்கள் வந்ததே எனக்குத் தெரியாது. கடைசி வரிசைப் பக்கமிருந்து கீரை அடைத்த பிட்டாப் பலகார வாசனை அடித்ததும் யாரோ தொழிலாளி சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் கறுப்பில், மெதுவான அடிகளில், சாவு வீட்டில் நடப்பதுபோல் வட்டம் வந்தார்கள். நான்தான் அப்படிச் சொல்லித் தந்திருந்தேன். "ஆறே, கொஞ்சம் ஒதுங்கிப் போ, அக்கரையில் என் வீடு." நின்றார்கள். மௌனம். முதல் வரிசையில் ஒரு விமர்சகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சித்தி எழுந்தாள். அவள் முகத்தைச் சொல்கிறேன்: பயந்துபோன இருபது வயதுப் பெண்ணின் முகம். முதலில் உதடு மட்டும் அசைந்தது. நீ அவள் முதுகில் கை வைத்ததைப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது. கரகரத்த, சுருதி விலகிய, ஆட்டை அதட்டும் குரல். "ஆறே, கொஞ்சம் ஒதுங்கிப் போ!" அவளோடு நீங்கள் எல்லோரும். கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வயதுக்காரி, கிணற்றுச் சுவரில் உட்கார்ந்த குழந்தை மாதிரி அழுதேன். என் அம்மாவுக்குப் பதில் வந்துவிட்டது. சொன்னவள் அவள் கூடப்பிறந்தவள்.

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். பதில் வந்தால் முன்வரிசை அடுத்த வரியைப் பாட வேண்டுமே. நான் ஓடிப்போய் முன்னால் நின்று கையைப் பிடித்தேன்; வாயில் ஒன்றும் இல்லை. சித்தி படியில் இறங்கி வந்தாள். "என்னடி கலிரோயி, சும்மா நிக்கிற? பாடு" என்றாள்.

"தெரியாது சித்தி."

"தெரியாதா? ஏன்டி, நீங்கல்லாம் இதை என்னன்னு நெனச்சுட்டு இத்தனை வருஷமா ஊர்ந்துக்கிட்டிருக்கீங்க? ஒப்பாரின்னா? இது கல்யாணக் கூத்துடி! தள்ளு!"

அப்புறம் சித்தி பாடிய நாலாம் வரியை நீயும்தான் கேட்டாய். "ஒதுங்கத் தெரியாதடி எனக்கு, துள்ளத் தெரியுமே உனக்கு!" அந்த வரியில் வட்டமே எம்பிக் குதிக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? முழங்கால் வலிக்காரி குதித்தாள், ஸ்மரக்தா! பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை இல்லை, வரிக்கு வரி. பிள்ளைகள் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டார்கள். நீ பெஞ்சைத் தாண்டி வந்தாய். அந்த விமர்சகரின் கோட்டைப் பிடித்து இழுத்தது உன் பக்கத்து வீட்டுக்காரிதானே? நன்றாக ஆடினார், பாவம். சனம் முழுக்க எழுந்து நின்று கால் தட்டியது. எனக்கு இந்த ஜென்மத்துக்கு இது போதும்.

கறுப்புத் துணிகளை இன்று காலையில் மூட்டை கட்டிவிட்டோம். பிள்ளைகள் பூப்போட்ட துணி கேட்கிறார்கள். நீ ஜெயித்தாய், போ.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். என் அம்மா ஒப்பாரியின் நடுவில் செத்தாள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். என் நடனம் எல்லாமே அந்த நினைப்பிலிருந்து வந்தவைதான். அவள் திரும்பிப் பார்த்த முகத்தை இன்று காலையிலும் நினைத்துப் பார்த்தேன். அது பயம் இல்லை, தங்கையே. அவள் அடுத்த வரியில் குதிக்கத் தயாராக நின்றாள்.

உன் அக்கா,
கலிரோயி