குளிர்காலமாக நின்ற அண்ணைக்கு

அண்ணை, இதை எழுதுவதற்கு முதலில் என்னை மன்னியுங்கள். நேரில் இருந்தபோதே நான் உங்களோடு அதிகம் கதைத்ததில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறவள். நீங்கள் வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு துணிவு வந்திருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை வைக்கோல் மணத்தது. அவ்வளவுதான் காரணம். சூக் நகரில் நான் துப்புரவு செய்யும் கடையொன்றில், ஈஸ்டருக்காகக் கண்ணாடிக்குள் வைக்கோலைப் பரப்பிச் சாயமிட்ட முட்டைகளை வைத்திருக்கிறார்கள். சிந்தியது வாசல்வரை வந்து மழையில் நனைந்து கிடந்தது. கூட்டப் போனவள் தும்புத்தடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். சுகமில்லையா என்று கடைக்காரப் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கு எதை எங்கிருந்து சொல்வது?

அந்த மேட்டுக் கிராமத்தில் பழைய பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் அகதிகளாக வந்த எங்களை வைத்திருந்தார்கள். நானும் என் தமையன் குடும்பமும் மற்றவர்களும் யாழ்ப்பாணம். நீங்கள் ஒருவர்தான் மட்டக்களப்பு. உங்கள் பேச்சைக் கேட்டு எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். “நீங்க கதைக்கிறது மட்டும் தேவாரமாக்கும்” என்று திருப்பிச் சொல்வீர்கள். எங்கள் பரம்பரையில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்ததால், எனக்கு நீங்கள் வைத்த பெயர் பீஏ. “பீஏ புள்ள, இந்தப் பால்காரன் என்ன சொல்றான், கேட்டுச் சொல்லு.” அந்தப் பட்டத்தால் இந்த நாட்டில் கிடைத்த ஒரே வேலை அதுதான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாக ஜெர்மன் படித்திருந்தேன். கூச்சத்தோடு மொழிபெயர்ப்பேன்.

பால்காரர் என்று நாம் சொன்ன அந்த விவசாயிதான் ஊர் விழாவுக்குப் பொறுப்பு. ஒரு மாலை படியேறி வந்து, வைக்கோல் மனிதனாக நிற்க உங்களால் முடியுமா என்று கேட்டார். பாரம், வேர்க்கும், ஊர் இளைஞர்கள் ஒருவரும் விரும்புவதில்லை என்றார். என்ன விழா என்று கேட்டேன். தேவாலயம் வருவதற்கு முன்பிருந்தே உள்ளது என்றார். பின்னர் தேவாலயம் அதை ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறில் கொண்டுவந்து வைத்ததாம். தெருவில் மரத்தூள் பரப்பி வரிசையாக முட்டைகளை வைப்பார்கள். ஓடுகிறவன் ஒவ்வொன்றாக எடுத்து எறிய, எதிரே நிற்பவன் சுளகு போன்ற ஒன்றில் உமியிட்டு அதை ஏந்த வேண்டும். முட்டை என்பது மூடிக் கிடக்கும் உயிர். அதைக் குளிரின் கையிலிருந்து மீட்டெடுக்கிறார்கள். பிறகு சண்டை. வைக்கோலும் மரச்சீவலும் உடுத்தவர்கள் குளிர்காலம். இலையும் ஊசிமரக் கொப்பும் உடுத்தவர்கள் வசந்தம். குளிர்காலம் விழ வேண்டும். விழுந்ததை ஊர் எல்லைவரை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டால்தான் புல் முளைக்கும்.

“ஊரிலேயே கறுத்தவன் நான். என்னப் போய்ப் பனி எண்டுறான்” என்று நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் அவர் இறங்கப் போகும்போது சொன்ன ஒரு வசனத்தில் உங்கள் சிரிப்பு நின்றது. இங்கே வைக்கோல் உடுத்தவன் இந்த ஊரவன் என்றார் அவர். நான் அப்படியே சொன்னேன். நீங்கள் விடவில்லை.

“ஊரவன் எண்டுதானே சொன்னான்? வடிவாக் கேளு புள்ள.”

திரும்பவும் கேட்டேன். ஓம், அதுதான் என்றார். உங்கள் அகதி விண்ணப்பத்தை அப்போது ஒருமுறை மறுத்திருந்தார்கள். மேன்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. ஊரே நம்மை ஊரவன் என்று சொன்னால் பேர்னில் அரசாங்கத்தில் இருக்கிறவன் எப்படித் திருப்பி அனுப்புவான் என்று அன்றைக்குச் சமைக்கும்போது எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஊரில் விட்டுவந்த உங்கள் மனைவியையும் மகளையும் கூப்பிட்டால் எந்த அறையில் வைப்பது என்றும் யோசித்தீர்கள். ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. எங்களுக்கும் அது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

விழா நாளில் சாக்கு உடுப்புக்குள் உங்களை இறக்கி, கை, கால், வயிறு எல்லாம் வைக்கோலை அடைத்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. “கரப்புடுப்பு மாதிரித்தான் கிடக்கு” என்றீர்கள். உங்கள் ஊர்க் கூத்தில் அரசன் கட்டும் பாரமான உடுப்பு அது என்றும், உங்களுக்கு எப்போதும் அரசன் வேடம்தான் என்றும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வசந்தத்தின் ஆட்கள் கொப்புகளால் அடிக்க வந்தார்கள். முதல் அடிக்கே நீங்கள் தள்ளாட வேண்டும் என்று சொல்லித்தான் விட்டிருந்தேன். நீங்கள் தள்ளாடவில்லை. அந்தப் பாரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். கால் தாளம் போட்டது. அடிக்க வந்தவன் வழுக்கி மரத்தூளில் விழுந்தான். சனம் சிரித்தது, கை தட்டியது. இன்னொருவன் வந்தான், அவனும் போனான். இலை உடுத்தவர்கள் மூச்சு வாங்கினார்கள். மெதுவாகக் கைதட்டல் குறைந்தது. குளிர் தோற்காத ஆண்டில் என்ன விளையும் என்று உண்மையாகவே பயப்படுகிற கிழவிகள் அங்கே இருந்தார்கள். விவசாயி என் தோளைத் தொட்டு, விழச் சொல்லு என்றார்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் உரத்துப் பேசியதே இல்லை. அத்தனை பேருக்கு நடுவே தமிழில் கத்தினேன்.

“அண்ணை, விழுங்கோ. நீங்கள் தோற்கவேணும்.”

நின்றீர்கள். முகமெல்லாம் வேர்வை. என்னைத் தேடிப் பார்த்தீர்கள்.

“இஞ்சயும் நான்தானா புள்ள தோக்கணும்?”

“ஓம் அண்ணை.”

பிறகு விழுந்தீர்கள். காலில் பிடித்து எல்லைக் கல்லுக்கு அப்பால் இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். அடைத்திருந்த வைக்கோலால் உங்களால் தனியாக எழும்ப முடியவில்லை. ஊரே வந்து தூக்கியது, ஊரே கை குலுக்கியது. ஊர் விடுதியில் முட்டைப் பொரியல் வைத்து உங்களை மேசையின் தலைப்பில் இருத்தினார்கள். எனக்குக் கிட்ட வந்து, “விழச் சொன்னா கால் கேக்கல்ல புள்ள” என்று மட்டும் சொன்னீர்கள். அவ்வளவு சந்தோசமாக உங்களை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை.

புல் முளைத்தது. அந்தக் கோடை நல்ல கோடை என்று ஊரில் சொன்னார்கள். இலையுதிர் காலத்தில் உங்களைத் திருப்பி அனுப்பப் பொலிஸ் வந்தது. விவசாயி பால் கொண்டுவந்த நேரம் அது. உங்களுக்காக அவர் யார் யாரையோ போய்ப் பார்த்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மன்னிக்கச் சொல்கிறார் என்றேன். “அவரில பிழை இல்ல, சொல்லு” என்றீர்கள். சொன்னேன். அவர் அழுதார். நீங்கள் அழவில்லை. பொலிஸ் வண்டி அந்த எல்லைக் கல்லைத் தாண்டித்தான் போனது. வேறு பாதை இல்லை.

பிறகு ஊரில் நடந்ததை உங்கள் மனைவி, அக்கா எழுதித்தான் அறிந்தோம். நீங்கள் சந்தைக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து ஆண்களை இறக்கினார்களாம். முகாம் வாசலில் அக்கா எத்தனையோ தரம் போய் நின்றிருக்கிறா. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை என்றே ஒவ்வொரு முறையும் பதில்.

நான் ஜெனீவாவுக்கும் போனேன். காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் உங்கள் படம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது விழாவில் விவசாயி எடுத்துத் தந்த ஒன்றுதான். வைக்கோலுக்குள்ளிருந்து நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த அதிகாரி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, வேறு இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அதைத்தான் வைத்துக்கொண்டார்கள். பதில் இல்லை. இனி வரும் என்று நான் நினைக்கவும் இல்லை.

சூக்கில் நம் ஆட்கள் பலருக்கு இப்போது நான்தான் மொழிபெயர்ப்பு. முதலாளியோ பக்கத்து வீட்டுக்காரரோ அன்பாக ஏதாவது சொன்னால், அதைச் சொல்லிவிட்டு, இது அவருடைய விருப்பம் மட்டும், சட்டம் இல்லை என்று சேர்த்துச் சொல்கிறேன். கேட்பவர்களின் முகம் வாடிவிடும். என்னை ஈரமில்லாதவள் என்று சிலர் கதைப்பதும் தெரியும். உங்களிடமிருந்து நான் சுமந்து திரிவது அதுதான் அண்ணை. நல்லதாக வேறொன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரமும் கேட்காமல் வைத்திருந்தேன். அக்கா இன்னும் பொட்டு வைக்கிறா. அதைப் பார்த்து ஊர் ஒன்று சொல்கிறதாம், அழித்தால் வேறொன்று சொல்லுமாம். பின்னேரங்களில் உங்களுக்கும் சேர்த்துச் சோறு போட்டு மூடி வைக்கிறா. நான் என்ன செய்ய, தங்கச்சி, நீ படித்தவள், சொல்லு என்று எழுதியிருக்கிறா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் நீங்கள் வர வேண்டாம். அக்காவின் கனவில் ஒரே ஒருமுறை போய், இனிக் காத்திருக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.