ஹாப்குட் ஆற்றங்கரையில் சாத்தி வைத்த தடிகள்

அனுப்புநர்:
மார்லா டெனிசன்,
நூலகர், ஊர்ப் பொது நூலகம்,
மெரிடித், தெற்கு யூட்டா.
(பதிலை நூலக முகவரிக்கே அனுப்பக் கோருகிறேன். காரணம் மனுவில் உள்ளது.)

பெறுநர்:
கள மேலாளர் அவர்கள்,
பொது நில அலுவலகம்,
மெரிடித்.

பொருள்: ஹாப்குட் பள்ளத்தாக்கு நடைபாதையில், ஆற்றை முதலில் கடக்கும் இடத்தில் நடப்பவர்கள் பொதுவில் விட்டுச் செல்லும் தடிகள் அகற்றப்பட்டது பற்றியும், அவற்றை மீண்டும் அனுமதிக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, குப்பை வண்டி வருவதற்குள் தெருவோரத் தொட்டியைத் திறந்து, என் கணவர் அதில் போட்டிருந்த ஆற்றில் இறங்கி நடக்க அவர் அணியும் காலணிகளை வெளியே எடுத்ததுதான். அவற்றை என் காரின் பின்பெட்டியில், பழைய கம்பளிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். தங்கள் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத குடும்ப விஷயமாக இது தோன்றலாம். சம்பந்தம் உண்டு என்று தெரிவிக்கவே இம்மனு.

நானும் என் கணவர் கெண்ட் டெனிசனும் திருமணமான காலந்தொட்டு சனிக்கிழமைதோறும் இப்பகுதிப் பள்ளத்தாக்குகளில் நடந்து வருகிறோம். இரவு தங்குவதில்லை. காலையில் கிளம்பி, மத்தியானம் ஏதாவது ஒரு பாறை நிழலில் ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரியும் தின்று, வெயில் தாழ வீடு திரும்புவோம். மற்ற பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் மணல்தான். சிலவற்றில் கைகளை விரித்தால் இரண்டு பக்கப் பாறைச் சுவரும் விரல்நுனியில் படும். ஹாப்குட்டில் மட்டும் வருடம் முழுவதும் தண்ணீர் ஓடுகிறது. அங்கே இக்கரையில் பாறை வந்து முட்டினால் அக்கரைக்கு இறங்கிக் கடக்க வேண்டும். அங்கே முட்டினால் திரும்ப இக்கரைக்கு. வீட்டில் பேசித் தீராத பலவற்றை நாங்கள் அந்தத் தண்ணீரில் பேசாமலே தீர்த்திருக்கிறோம்.

முதலில் கடக்கும் இடத்தில் நிற்கும் பெரிய பாப்ளார் மரத்தில் எப்போதும் தடிகள் சாய்ந்திருக்கும். யார் தொடங்கிய வழக்கம் என்று எவருக்கும் தெரியாது. வருபவர் ஒன்றை எடுத்துக்கொள்வார். திரும்பும்போது அதே மரத்தில் சாத்திவிட்டுப் போவார். வெள்ளம் அடித்துவந்த கிளைகள் இருக்கும். பச்சைச் சாயம் பூசிய பழைய துடைப்பக் கம்பு ஒன்றும் இருந்தது.

கெண்ட் மின்கம்பம் ஏறும் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் உள்காதில் வந்த நோயால் அவருடைய உடலின் சமநிலை கெட்டது. கண்ணை மூடினால் நிற்க முடியாது. ஓடும் தண்ணீரைக் குனிந்து பார்த்தாலும் அப்படித்தான். கம்பம் ஏறுவதை நிறுத்தி, கிடங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றி அவர் பேசுவதில்லை. நான் பேசுவதையும் விரும்புவதில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு, மடக்கி வைக்கக்கூடிய நல்ல நடைக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தால் அது தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஆற்றங்கரைத் தடியை மட்டும் அவர் எடுப்பார். கல்லூரிப் பிள்ளைகள் எடுக்கிறார்கள், நான் எடுக்கிறேன், அவரும் எடுக்கிறார். ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிப் பார்த்து, எனக்குக் கட்டையான ஒன்றைத் தேர்ந்து நீட்டி, "இந்தா, குள்ளச்சிக்குக் குள்ளத் தடி" என்பார். தனக்கு அந்தப் பச்சைக் கம்பு. அதை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் எனக்கு முன்னால் போகும்போது அவர் பழைய கெண்ட்டாகவே இருப்பார்.

கடந்த செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் போனபோது மரத்தடி வெறுமையாக இருந்தது. கட்டைகளையோ உடைமைகளையோ ஆற்றங்கரையில் விட்டுச்செல்லக் கூடாது என்ற தங்கள் அலுவலக அறிவிப்பு பக்கத்தில் நடப்பட்டிருந்தது. காய்ந்த கிளை ஏதாவது கிடைக்கிறதா என்று தேடலாம் என்றேன். "நீ வேணா தேடு. நான் என்ன கெழவனா?" என்று கேட்டுவிட்டு அவர் தண்ணீரில் இறங்கினார். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தபோது அது வெறும் தடி. தேடப் போனால் அது வேறு பொருளாகிவிடுகிறது.

மூன்றாவது முறை கடக்கும்போது விழுந்தார். தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனாலும் அவரால் எழ முடியவில்லை. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை என்று பிறகு மருத்துவரிடம் சொன்னபோதுதான் கேட்டேன், என்னிடம் சொல்லவில்லை. சட்டைக் கழுத்தைப் பிடித்து நான்தான் தூக்கி நிறுத்தினேன். இடது மணிக்கட்டில் விரிசல். "கல்லு உருண்டுருச்சு" என்றார். ஆமாம் என்றேன்.

நடைபாதை தொடங்கும் இடத்திலுள்ள முகாம் திடலுக்கு நாங்கள் திரும்பியபோது பள்ளத்தாக்கில் நிழல் இறங்கிக் குளிரத் தொடங்கியிருந்தது. தங்கள் அலுவலகத்தின் தன்னார்வலர் திரு. ரஸ் எங்கள் கோலத்தைப் பார்த்து, நாற்காலி போட்டு, போர்வை கொடுத்து, நெருப்பருகே உட்கார வைத்தார். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். அந்த நெருப்பில் ஒரு கம்பின் பச்சைச் சாயம் கொப்புளித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். கெண்ட்டும் பார்த்தார். "நல்லா காஞ்ச வெறகுதான்" என்று ரஸ்ஸிடம் சொன்னார். ரஸ்ஸுக்கு மகிழ்ச்சி. "ஆத்தோரமா சும்மா சாஞ்சு கெடந்துச்சுங்க. எடுத்துரச் சொல்லி ஆபீஸ் உத்தரவு. வீணாக்க மனசு வரல" என்றார். ஒஹையோவிலிருந்து கோடையில் வந்து, பனி விழும்வரை தங்கி ஊதியமில்லாமல் உழைப்பவர் அவர். அவை அவர் கண்ணுக்கு விறகாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

காரில் வரும்போது கெண்ட் சொன்னது இவ்வளவுதான்: "போதும் மார்லா. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு." அதன்பின் வந்த சனிக்கிழமைகளை அவர் வண்டிக்கொட்டகையில், ஒற்றைக் கையால் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக் கழித்தார். பிரித்து முடித்ததும் கலந்துவிட்டு மறுபடி பிரித்ததை நான் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். நேற்று காலணிகள் தொட்டிக்குப் போயின.

தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியிலும் பேசினேன். எடுத்த அம்மையார் மரியாதையாகவே விளக்கினார். வேண்டியவர்கள் சொந்தக் கோல் கொண்டுவரலாமாம்; உடல் குறை உள்ளவர்கள் அலுவலகத்தில் கையெழுத்திட்டு ஒன்றை இரவல் பெறலாமாம். நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் என் கணவர் அந்த மேசை முன் வந்து நிற்க மாட்டார். இதை வீம்பு என்று தாங்கள் சொல்லலாம். நானும் கோபத்தில் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், அவர் உதவியை மறுப்பவரல்ல. எல்லோருக்கும் பொதுவாக இருந்தவரை வாரந்தோறும் அதை வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அவர் ஒருவர் மட்டும் இப்படி இருக்க முடியாது என்றும் நினைக்கிறேன். அந்தத் தடிகளைத் தட்டிப் பார்த்து எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அவை உண்மையிலேயே தேவைப்பட்டன என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரிய வாய்ப்பில்லை. அதுவே அவற்றின் நன்மை.

எனவே, அறிவிப்பைத் திருத்தி, அந்த மரத்தடியில் மட்டும் தடிகளை விட்டுச்செல்ல அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். அவை அளவுக்கு மீறிக் குவிந்தால் குறைத்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நானே ஏற்கிறேன். மழைக்காலம் முடிந்து ஆறு தணிந்திருக்கிறது. பனி விழும்வரை உள்ள சில வாரங்கள்தான் இனி நடக்க ஏற்றவை. இந்த ஆண்டு போகாவிட்டால் கெண்ட் இனி எந்த ஆண்டும் போக மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். இதை என் கணவர் உட்பட எவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. வரும் வியாழனன்று அவருடைய மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். சனிக்கிழமை, பாப்ளார் இலைகள் மஞ்சளாகிவிட்டன, பார்த்துவிட்டு உடனே திரும்பலாம் என்று சொல்லி, அவரை ஹாப்குட்டுக்கு அழைத்துப் போவேன். அதற்கு முந்தைய நாள் மாலை, தங்கள் அனுமதி வந்தாலும் வராவிட்டாலும், அந்த மரத்தில் தடிகளைச் சாத்தி வைப்பேன். எதையும் வெட்டப் போவதில்லை. என் தம்பியின் பண்ணையில் உதிர்ந்த கிளைகளும், நூலகத்துப் பழைய துடைப்பத்தின் கம்பும்தான். அபராதம் விதிப்பதானால் அந்தக் கடிதமும் நூலகத்துக்கே வரட்டும். ஒரே ஒரு நாள் விறகு பொறுக்க வேண்டாம் என்று திரு. ரஸ்ஸிடம் சொல்லி உதவக் கோருகிறேன்.

ஒரு தடி மட்டும் சாய்ந்திருந்தால் அது யார் வேலை என்று கெண்ட்டுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நிறைய வைக்கிறேன். குட்டையாக ஒன்றும் அவற்றில் இருக்கும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,

மார்லா டெனிசன்
(கையொப்பம்)

இடம்: மெரிடித்
நாள்: அக்டோபர் 14