பதினேழாம் பக்கத்து வரி

4 ஜூன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. என் கணவரின் உயிர்த்தோழராக இருந்த நீங்கள் வரவே இல்லை. குறையாகச் சொல்லவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

பழங்கால யூத வரலாற்றாசிரியர் ஒருவரின் நூலில் இயேசுவைப் பற்றி வரும் ஒரு பத்திக்காகப் பதினோரு வருஷம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தீர்கள். மொத்தமும் பின்னாளில் படியெடுத்தவர்கள் சொருகியது என்றார் இவர். இரண்டு மூன்று வாக்கியம்தான் சொருகல், மிச்சம் அசல் என்றீர்கள் நீங்கள். யார் சரியென்று எனக்கு இன்னமும் குழப்பம்தான்.

அதைப் பற்றிய கடைசிக் கட்டுரையை முடித்துவிட்டுத்தான் போனார். இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பதினேழாம் பக்கத்தில் உங்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது.

உங்கள் தங்கை

13 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

அவன் போன அன்று உங்கள் தெரு பஸ் நிறுத்தம்வரை வந்து திரும்பிப் போனேன். எந்த முகத்தோடு உள்ளே வருவது?

‘என் நண்பர் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம்.’ படித்ததும் அழுதேன். அப்புறம் பழைய பிரதிகளில் சொருகல் தேடுகிற தொழில்புத்தி தலைகாட்டிவிட்டது. அவன் என்னை எழுத்தில் ‘நண்பர்’ என்றதே இல்லை, ‘எதிர்த்தரப்பார்’ என்பான். ‘இருக்கலாம்’ என்று எழுதுகிற ஆளும் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் முன்வரியும் பின்வரியும் ஒட்டிக்கொள்கின்றன. சொருகலுக்கு அதுதான் அடையாளம்.

உன்னைச் சந்தேகப்படுகிறேனா? தெரியவில்லை அம்மா. நம்பவும் ஆசையாக இருக்கிறது. அவன் எழுதியதுதானா?

உன் அண்ணன்

21 ஜூன்

அண்ணா,

முதலில் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

பதினேழு உட்படக் கடைசி மூன்று பக்கம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். பாதி வார்த்தை காற்றோடு போய்விடும். “அவன் சொன்னதுல...” என்றார். நீங்கள்தான் என்று புரிந்தது. அப்புறம் “பாதி” என்று கேட்டது.

“பாதி சரிங்கிறீங்களா?” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தலையாட்டினாரா, அசந்துவிட்டாரா? ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எழுதினேன். ‘நண்பர்’ நான் போட்டதுதான். மிச்சம் அவர் சொன்னதா, நான் கேட்க ஆசைப்பட்டதே காதில் விழுந்ததா, சத்தியமாகத் தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

தங்கை

2 ஜூலை

தங்கச்சி,

பாதி சரி என்றானோ, பாதிக்குமேல் தப்பு என்றானோ, யார் கண்டது? நிச்சயமில்லாத ஒன்றை அவன் பெயரில் அச்சேற்ற வேண்டாம். எடுத்துவிடு. இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

அண்ணன்

15 ஜூலை

அண்ணா,

எடுத்துவிட்டேன். கட்டுரை இப்போது அவரைப் போலவே உறுமுகிறது. பக்கத்துக்குப் பக்கம் உங்களைக் கிழித்திருக்கிறார். அடுத்த மாதம் வெளிவருகிறது.

நீங்கள் மறுப்பு எழுத வேண்டும். இறந்தவராயிற்றே என்று அடக்கி வாசிக்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் அவர் சொன்னதே சரி என்றுவிட்டு எழுந்து போகிறார்கள். வீடு தாங்க முடியாத அமைதியாக இருக்கிறது.

எழுதியதைத் தபாலில் போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். உரக்கப் படியுங்கள். அவர் பக்கம் நின்று நான் சண்டை போடுகிறேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு.

தங்கை